பழைய டெஸ்க்டொப்பில் புது ரேம் ஒத்துவராவிட்டால்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ரேமைக் கூட்டினால் போதும் என்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 8 ஜிபி துண்டு ஒன்று வாங்கி வருகிறீர்கள். போட்டால் விசிறி சுற்றுகிறது, மொனிட்டர் கறுப்பாகவே கிடக்கிறது. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால், அவர்கள் தங்கள் மேசையில் இருக்கும் மெஷினில் போட்டுக் காட்டுகிறார்கள். அங்கே ஓடுகிறது! "ரேம் நல்லது அண்ணே, உங்கட போர்ட்தான் போயிட்டுது" என்று சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலும் போர்ட்டும் (ரேம், ப்ரொசெசர் எல்லாம் பூட்டும் மதர்போர்ட்) போயிருக்காது. கடை மேசையில் ஓடியதால் ரேம் பழுதில்லை என்பது மட்டும்தான் உறுதி. உங்கள் மெஷினுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். கடையில் நம்மிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: எத்தனை ஜிபி, டிடிஆர் எத்தனை (அதாவது ரேமின் தலைமுறை). பழைய மெஷினுக்கு அந்த இரண்டும் போதாது. ரேம் துண்டின் மேல் இருக்கும் சிப்புகள் எத்தனை, லேபலின் கடைசியில் என்ன எழுத்து, எத்தனை வோல்ட் என்பதுதான் அங்கே முடிவு செய்கிறது.

இங்கே சொல்வது ஏறக்குறைய 2009 முதல் 2016 வரை வந்த டெஸ்க்டொப்களுக்கு. ஒபிஸ்களில் இருந்து கழித்து விற்கப்படும் பாவித்த டெல், எச்பி மெஷின்களும், கடையில் பூட்டி வாங்கிய எச்61, எச்81 போர்ட்டுகளும்தான் நம்மவர் வீடுகளில் அதிகம். முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் மெஷினில் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது, ரேம் ஏற்கெனவே 8 ஜிபி இருக்கிறது என்றால், காசை எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) போடுங்கள். வித்தியாசம் அதில்தான் தெரியும்.

முதல் படி: மெஷின் எது, அது எவ்வளவு தாங்கும்

கேஸில் ஒட்டியிருக்கும் மொடல் பெயரைப் பாருங்கள். பூட்டிய மெஷின் என்றால் பக்க மூடியைக் கழற்றினால் போர்ட்டின் நடுவிலோ, ரேம், கார்டு பூட்டும் ஸ்லொட்டுகளுக்கு இடையிலோ மொடல் அச்சிட்டிருக்கும். திறக்க மனமில்லாவிட்டால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதன் 'மெயின்போர்ட்' பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது சிப்செட்டின், அதாவது போர்ட்டை நடத்தும் முக்கியச் சிப்பின், பெயர்.

ஜி41 என்றால் மொத்தம் 8 ஜிபிதான் எல்லை. எச்61, எச்81 இரண்டுக்கும் இரண்டு ஸ்லொட், 16 ஜிபி எல்லை. கியூ77, கியூ87 சிப்செட்டில் வந்த ஒபிஸ் மெஷின்களில் பெரும்பாலும் நான்கு ஸ்லொட், 32 ஜிபி வரை போகலாம். எச்110 வந்தால் கவனம்: அதே சிப்செட்டில் டிடிஆர்4 போர்ட்டும் உண்டு, டிடிஆர்3எல் போர்ட்டும் உண்டு. சிப்செட்டை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

மொடல் பெயரும் ஏமாற்றும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் 2012இல் ஒரு மெஷின் வந்தது. 2023இல் அதே பெயரில் வேறொன்று வந்தது. முதலாவதற்கு டிடிஆர்3 ரேம். இரண்டாவதில் அது உள்ளே போகவே போகாது. ஒன்லைனில் '7010 ரேம்' என்று தேடி வாங்குபவர்கள் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: உள்ளே இருக்கும் பழைய துண்டை வாசியுங்கள்

மின்சார வயரைச் சுவரில் இருந்து கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் போய்விடும். கேஸின் பூச்சில்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நிலைமின்சாரப் பிரச்சினை குறைவு; ஆனால் ஏசி அறையில் இருந்தால் அதை நம்பாதீர்கள்.

ஸ்லொட்டின் ஓரத்துக் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் துண்டு எழும்பி வரும். லேபலில் ஆங்கில எழுத்துகளில் இப்படி ஒரு வரி இருக்கும்:

4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு-11-11-பி1

வாங்கப் போகும்போது தேவைப்படும் எல்லாமே இந்த ஒரு வரியில் இருக்கிறது. '4ஜிபி' கொள்ளளவு. '2ஆர்எக்ஸ்8' என்றால் இரண்டு வரிசை, ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். 'பிசி3' என்றால் டிடிஆர்3. 'பிசி3எல்' என்றிருந்தால் குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். 'பிசி4' என்றால் டிடிஆர்4. '12800' வேகத்தின் குறி: 10600 என்றால் 1333, 12800 என்றால் 1600. டிடிஆர்4இல் 17000 என்பது 2133, 19200 என்பது 2400, 21300 என்பது 2666. அப்புறம் அந்த 'யு'. அதுதான் சாதாரண டெஸ்க்டொப் ரேம். அதே இடத்தில் 'எஸ்' இருந்தால் லேப்டொப் ரேம், 'ஆர்' இருந்தால் சேர்வர் ரேம், 'இ' இருந்தால் பிழைதிருத்தும் வகை. 11 என்பது தாமத எண்.

லேபலையும் இரண்டு பக்கத்துச் சிப்புகளையும் போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: எங்கே மோதுகிறது

டிடிஆர் தலைமுறை மாறியிருந்தால் துண்டு ஸ்லொட்டில் இறங்கவே இறங்காது. துண்டின் அடி விளிம்பில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனை, டிடிஆர்4க்கு 288. அழுத்தித் திணிக்காவிட்டால் இதில் ஆபத்து இல்லை. ஆளைக் குழப்புவது, அழகாக உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டு வேலை செய்யாமல் கிடக்கும் ரேம்தான். அதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவதும் முக்கியமானதும் சிப்பின் அடர்த்தி, அதாவது ஒரு சிப் கொள்ளும் அளவு. 4 ஜிபி என்றால் 32 ஜிகாபிட். அதை 16 சிப்பில் பிரித்தால் ஒவ்வொன்றும் 2 ஜிகாபிட். 8 சிப்பில் பிரித்தால் 4 ஜிகாபிட். இரண்டும் '4 ஜிபி டிடிஆர்3' என்றே விற்கப்படும், இரண்டிலும் அதே வேகம் எழுதியிருக்கும். ஆனால் ஜி41 போர்ட்டுக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட சிப்பை வாசிக்கத் தெரியாது. எச்55 போன்ற முதலாம் தலைமுறை ஐ3, ஐ5 போர்ட்டுகளும் அப்படித்தான். ஆகவே இந்த மெஷின்களுக்கு 4 ஜிபி துண்டு வாங்கினால் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாக, மறுபக்கம் எட்டுச் சிப்போடு இருக்கும் 4 ஜிபி துண்டு புத்தம் புதிதாக இருந்தாலும் வேண்டாம். கடையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த எட்டுச் சிப் வகைதான். பழைய மெஷினுக்குப் பாவித்த ரேமே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்டெலின் இரண்டாம், மூன்றாம், நான்காம் தலைமுறை மெஷின்கள் (எச்61, எச்81, கியூ77, கியூ87 போர்ட்டுகள் இவற்றில் அடங்கும்) 4 ஜிகாபிட் வரை வாசிக்கும். அவற்றில் 4 ஜிபி எந்த வகையும் ஓடும். 8 ஜிபி என்றால் பதினாறு சிப். டிடிஆர்3இல் 16 ஜிபி ஒற்றைத் துண்டு என்று யாராவது விற்றால், அது இந்த மூன்று தலைமுறைக்கும் ஆகாது.

இரண்டாவது, 'ஏஎம்டிக்கு மட்டும்' ரேம் (ஏஎம்டி, இன்டெல் போல ப்ரொசெசர் செய்யும் இன்னொரு நிறுவனம்). வெளிநாட்டு ஒன்லைன் கடைகளில் 8 ஜிபி டிடிஆர்3 நம்ப முடியாத விலைக்குக் கிடக்கும். 4 பிட் அகலச் சிப்புகளால் செய்தது அது. பழைய ஏஎம்டி போர்ட்டுகள் அதை ஏற்கும், இன்டெல் டெஸ்க்டொப் போர்ட்டுகள் ஏற்காது. இதிலும் பதினாறு சிப் இருப்பதால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விளம்பரத்தில் எங்கோ ஒரு மூலையில் 'ஏஎம்டி' என்று சின்னதாக எழுதியிருக்கும். அதைத் தேடி வாசியுங்கள். மலிவுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது சேர்வர் ரேம். ஐக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் பாவித்த ரேமோடு ரேமாக இதுவும் வந்துவிடும். அளவும் வெட்டும் ஒன்றுதான், அதனால் உள்ளே போகும். ஒரு பக்கத்தில் எட்டுக்குப் பதிலாக ஒன்பது சிப், லேபலில் 'ஆர்' எழுத்து, பெரும்பாலும் நடுவில் கூடுதலாக ஒரு சின்னச் சிப். வீட்டு மெஷினுக்கு உதவாது.

நான்காவது வோல்ட். டிடிஆர்3க்கு 1.5, டிடிஆர்3எல்லுக்கு 1.35. டிடிஆர்3எல் துண்டைப் பழைய 1.5 வோல்ட் போர்ட்டில் போடலாம், அது இரண்டிலும் ஓடும்படி செய்யப்பட்டது. மறுவளமாக, டிடிஆர்3எல் மட்டும் கேட்கும் போர்ட்டில் 1.5 துண்டைப் போடக் கூடாது. ஆறாம் தலைமுறை இன்டெல் மெஷின்களில் இது ப்ரொசெசருக்கே கேடு. 1.65 வோல்ட் என்று எழுதிய, அழகான தகடு போர்த்திய 'கேமிங்' டிடிஆர்3ஐயும் ஒபிஸ் மெஷினுக்கு வாங்காதீர்கள். அந்த மெஷின்களின் பயோஸில் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அமைப்பு மென்பொருள்) வோல்ட்டைக் கூட்ட வழியே இருக்காது.

வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 1600 துண்டும் 1333 துண்டும் சேர்ந்தால் இரண்டும் 1333இல் ஓடும். இரண்டாம் தலைமுறை ஐ3இல் 1600 போட்டாலும் 1333தான் காட்டும், அது பழுதில்லை. சிபியு-இசட்டில் 665 அல்லது 798 என்று பார்த்துவிட்டுப் பாதி வேகம்தான் என்று பதறுபவர்கள் உண்டு. டிடிஆர் ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு அனுப்பும்; காட்டும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

நான்காம் படி: பூட்டும் முறை

'பொருந்தவில்லை' என்று வருபவற்றில் ஒரு பங்கு, சரியாக உட்காராத ரேம்தான். வெட்டைப் பொருத்தி இரண்டு ஓரத்தையும் சமமாக அழுத்துங்கள். கொக்கி தானாக மூடி 'டிக்' என்று கேட்க வேண்டும். சில போர்ட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கொக்கி அசையும். அங்கே மறுமுனை பாதியில் நிற்பதை எளிதில் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பொன்னிறக் கோடு ஸ்லொட்டுக்கு மேலே தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலை ஒட்டி வாழ்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் ரேமின் பொன்னிற முனைகள் மங்கிவிடும், ஸ்லொட்டுக்குள் தூசியும் ஈரமும் சேர்ந்து படியும். முனைகளை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்ப்பதும் பலிக்கும், ஆனால் துகள் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஸ்லொட்டுக்கு மென்மையான பிரஷ் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போய்ச் சேரும்.

ஐந்தாம் படி: ஒரு துண்டு, ஒரு ஸ்லொட்

படம் வரவில்லையா? ஆறுதலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வயரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

1. பழைய துண்டை மட்டும், முன்பு இருந்த அதே ஸ்லொட்டில். ஓடினால் போர்ட் உயிரோடுதான் இருக்கிறது. ஓடாவிட்டால் ரேமை விட்டுவிட்டு, கை பட்டு வேறு வயர் கழன்றதா என்று தேடுங்கள்.

2. புதியதை மட்டும், அதே ஸ்லொட்டில். இங்கே ஓடினால் புதிய ரேம் பொருந்துகிறது. பிரச்சினை இரண்டையும் சேர்ப்பதில் இருக்கிறது.

3. அங்கே ஓடாவிட்டால், புதியதை மட்டும் அடுத்த ஸ்லொட்டில். எதிலும் ஓடவில்லை, கடையில் ஓடுகிறது என்றால் மேலே சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று. திருப்பிக் கொடுங்கள்.

4. பழையதை மட்டும் இரண்டாம் ஸ்லொட்டில். இங்கே பழையதும் ஓடாவிட்டால் ஸ்லொட் பழுது, அல்லது ப்ரொசெசர் சொக்கட்டில் ஒரு பின் வளைந்திருக்கிறது.

இடையில் ஒருமுறை பயோஸ் நினைவை அழித்துப் பாருங்கள். வயரைக் கழற்றி, போர்ட்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பற்றரியை எடுத்து, ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். திகதியும் நேரமும் போய்விடும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

மெஷின் எழுப்பும் சத்தத்தையும் கவனியுங்கள். பழைய டெல்களில் இரண்டு பீப் என்றால் ரேமே தெரியவில்லை, நான்கு என்றால் ரேமை வாசிக்க எழுத முடியவில்லை. எச்பியின் பழைய ஒபிஸ் மெஷின்களில் ஐந்து பீப்போடு சிவப்பு விளக்கு ஐந்து முறை மின்னினால் அது ரேம். டெல்லில் ரேம் அளவு மாறியதும் முதல் தடவை 'நினைவக அளவு மாறியிருக்கிறது' என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும். எஃப்1ஐ அழுத்தினால் தொடரும். புதிய ரேமை அது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அது; அதைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட வேண்டாம்.

தனித்தனியே ஓடி, சேர்த்தால் ஓடாத ரேம்களுக்கு: இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பயோஸில் வேகத்தைத் தெரிவு செய்ய முடிந்தால் 1600ஐ 1333 ஆக்குங்கள். ரேமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற தெரிவு இயங்கினால் நிறுத்துங்கள். நான்கு ஸ்லொட் இருந்தால் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டில் ஜோடியாகப் போடுங்கள். 4 ஜிபியும் 8 ஜிபியும் சேரலாம், அதில் தவறில்லை. பயோஸைப் புதுப்பித்தும் சில மெஷின்கள் வழிக்கு வரும். ஆனால் அதைக் கடைசியாக, பழைய ரேமை மட்டும் போட்டு, யுபிஎஸ் இருந்தால் மட்டுமே செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்ட்டே கையைவிட்டுப் போகும்.

படம் வருகிறது, ஜிபி குறைகிறது

8 ஜிபி போட்டு 3.2 அல்லது 3.5 மட்டும் தெரிந்தால் உங்களிடம் இருப்பது 32 பிட் வின்டோஸ். எவ்வளவு போட்டாலும் அது 4க்கு மேல் எடுக்காது. 64 பிட்டைப் புதிதாகப் போட வேண்டும். இருக்கும் 32 பிட்டை அப்படியே 64 ஆக மேலேற்றும் வழி கிடையாது. வின்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட் என்றால் 8 ஜிபி எல்லை, ஹோம் பிரீமியத்துக்கு 16.

அது இல்லையென்றால் டாஸ்க் மனேஜரில் நினைவகப் பக்கத்தின் அடியில் 'ஹார்ட்வேர் ரிசேர்வ்ட்' என்ற எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் உள்ளக கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது, விட்டுவிடுங்கள். ஜிபி கணக்கில் இருந்தால் 'எம்எஸ்கொன்ஃபிக்' திறந்து, பூட் பக்கத்தின் மேலதிகத் தெரிவுகளில் 'மக்ஸிமம் மெமரி'க்கு அருகே சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பயோஸிலேயே குறைவாகக் காட்டினால் வின்டோஸைக் குறை சொல்ல முடியாது. ஸ்லொட்டுக்கோ அடர்த்திக்கோ திரும்பிப் போங்கள். சில போர்ட்டுகள் அடர்த்தி கூடிய துண்டில் பாதியை மட்டும் எண்ணிவிட்டுப் பேசாமல் ஓடும்.

ஓடுகிறது, ஆனால் இடையில் விழுகிறது

நீலத்திரை, தானாக ரீஸ்டார்ட், ஃபைல் திறக்கும்போது பிழை என்று வந்தால் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதில் இருந்து பூட் செய்யுங்கள். நான்கு சுற்று ஓடி முடிய விடுங்கள். பழைய மெஷினில் 8 ஜிபிக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் சரி. ஒரேயொரு பிழை வந்தாலும் சகிக்க வேண்டாம். துண்டு துண்டாக மறுபடி சோதித்து, பிழை எந்தத் துண்டோடு போகிறது, அல்லது எந்த ஸ்லொட்டோடு நிற்கிறது என்று பாருங்கள். தனியே பிழையில்லாமல், சேரும்போது மட்டும் பிழை என்றால் வேகத்தை ஒரு படி குறைத்துத் திரும்ப ஓட்டுங்கள்.

அப்படியே சிபியு-இசட்டின் 'எஸ்பிடி' பக்கத்தில் ரேமே தன்னைப் பற்றிச் சொல்லும் அளவு, வேகம், தயாரிப்பாளர் பெயர் ஆகியவற்றை மேல் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். பாவித்த ரேமில் ஸ்டிக்கர் மாறியிருப்பது உண்டு.

கடையில் என்ன கேட்பது

போனில் படத்தைக் காட்டி, "தம்பி, டிடிஆர்3, யு வகை, பதினாறு சிப் இருக்கிற நாலு ஜிபி வேணும். என்ட மெஷினுக்கு ஒத்துவராட்டி மாத்தித் தருவீங்களா?" என்று கேளுங்கள். 'பழுதானால் மாற்றுவோம்' என்பதும் 'ஒத்துவராவிட்டால் மாற்றுவோம்' என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதற்குச் சம்மதம் வாங்கி, பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் நான் வாங்க மாட்டேன். இன்னும் நல்லது, கேஸை மட்டும் முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே போட்டுப் பார்ப்பது. மொனிட்டரும் கீபோர்ட்டும் கடையில் இருக்கும். பயோஸ் திரையில் மொத்த ஜிபியைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ஜி41இல் இரண்டு 4 ஜிபி துண்டும் ஓடி, அதுவும் போதவில்லை என்றால் அந்த போர்ட்டில் இனி ரேமுக்கு இடமில்லை. பாவித்த நான்காம் தலைமுறை மெஷின் ஒன்றைத் தேடுங்கள். கையில் இருக்கும் பதினாறு சிப் டிடிஆர்3 துண்டுகளை விற்க வேண்டாம். சாதாரண எச்81 டெஸ்க்டொப் போர்ட்டில் அவை அப்படியே ஓடும். அங்கேயும் ஸ்லொட் இரண்டுதான் என்பதால், 16 ஜிபி வேண்டுமானால் 8 ஜிபி துண்டு இரண்டு வாங்க வேண்டிவரும்.